அவளுக்கு நான் கொடுத்த மாத்திரை

எழுபதுகளின் கடைசியில் ஆண்டிமடத்தில் ஒரு கொட்டகையில் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தேன். பிடரி வலியும் கிறுகிறுப்பும் தாங்காமல் ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றி அளந்துவிட்டு, "ரத்தக்கொதிப்பும்மா. உப்பைக் குறைச்சுக்க. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதே" என்றார். சில நாளிலேயே தலை லேசாகிவிட்டது. அந்த மாத்திரைமேல் எனக்கு அப்படியொரு நம்பிக்கை வந்துவிட்டது.

கொட்டகையில் என் பக்கத்தில் உட்காருகிறவள் என்னைவிடச் சின்னவள், கைப்பிள்ளைக்காரி. ஒருநாள் காலையில், "கண்ணைக் கட்டிக்கிட்டு வருதுக்கா" என்றாள். எனக்கு வந்த அதே கிறுகிறுப்பு என்று நினைத்தேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்ததில் ஒன்றை எடுத்து, "போட்டுக்கடி, சரியாப் போயிடும்" என்று கொடுத்தேன்.

மத்தியானம் எழுந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர். "என்ன சாப்பிட்டே?" என்று கேட்டார். "ஒண்ணும் சாப்பிடலீங்க" என்றாள் அவள். நான்தான் அழுதுகொண்டே சொன்னேன். அவர் திட்டவில்லை.

"இந்தப் பொண்ணுக்கு உடம்புல ரத்தமில்ல, வயித்துல சோறில்ல. உனக்குப் பிரஷர் ஏறிக் கிடக்கு, இவளுக்கு எறங்கிக் கிடக்கு. ரெண்டுக்கும் தலை சுத்தும். அளந்து பாக்காம எனக்கே தெரியாதும்மா."

குளுக்கோஸ் ஏற்றியபின் சாயங்காலம் தெளிந்தாள். பதறிப்போய் வந்த புருஷனிடம், "காலையில சாப்பிடல, விழுந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. திரும்பினால் என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயம் போல.

அதற்குப்பிறகு மாத்திரையைப் பார்த்தாலே அவள் சரிந்து விழுந்ததுதான் எனக்கு ஞாபகம் வந்தது. விட்டுவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. அவள்தான் கவனித்துவிட்டாள்.

"ஏங்க்கா மாத்திரை போடல?"

"நல்லாத்தான்டி இருக்கேன்."

"உனக்கெப்படித் தெரியும்? அளந்து பாத்தியா?"

மறுநாளே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை பஸ் ஏற்றினாள். அளந்து பார்த்தால் முதல் தடவையைவிடக் கூடியிருந்தது. "வலி இல்லேன்னா வியாதி இல்லேன்னு நெனைக்காதே. இது சத்தமில்லாம ஏறும்" என்றார் டாக்டர். அவளுக்கும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து மாசாமாசம் ரெண்டு பேரும் சேர்ந்தே போனோம். கொட்டகையில் சாப்பிட உட்கார்ந்தால், என் தூக்குவாளியைத் திறந்து முதலில் அவள்தான் பார்ப்பாள். ஊறுகாய் இருந்தால் எடுத்துத் தன் சோற்றில் வைத்துக்கொள்வாள். கேட்டால், "எனக்குத்தான் எறங்கிக் கிடக்கே" என்பாள்.