வேரோடு போன மண்

சிதறால் மலைக்குக் கீழே எங்கள் வாழைத்தோட்டமான விளையில் விடியற்காலைப் பனி இறங்கும்போது வாழை இலைகள் தண்ணீருக்குள் நிற்பவைபோல மெல்ல அசையும். பள்ளிக்கூட டீச்சர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, சாயாவோடு அங்கே நின்று நேரத்தைத் தொலைப்பதுதான் எனக்கு வேலை. அப்படி நின்ற ஒரு நாள், மட்டி வாழையின் கீழ் இலை ஒன்று ஓரம் மஞ்சளாகியிருந்தது. வெயில் பட்டதும் மின்னியது. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அந்த வாரம் தங்கை குலசேகரத்திலிருந்து வந்தாள். அவள் மகள் மாசமாக இருந்தாள். எங்கள் பக்கம் பிள்ளைக்கு முதலில் ஊட்டும் பழம் மட்டிதான். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுக் காலியாகக் கிடந்த தன் துண்டு நிலத்தில் இப்போதே மட்டி வைத்தால், பிள்ளை சாப்பிடத் தொடங்கும்போது குலை பழுத்துவிடும் என்று யோசித்து வந்திருந்தாள். அந்த மஞ்சள் இலை வாழையின் அடியிலிருந்தே ஆறு கன்று தோண்டினேன். வேரைச் சீவி, கழுவிக் கொடுத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது கிடையாது. கன்றைத் தாய்மண்ணோடு கொடுத்தால்தான் மனசார கொடுத்ததாக அர்த்தம். ஒவ்வொன்றையும் மண்ணோடு சாக்கில் பொதிந்து ஆட்டோவில் ஏற்றினேன்.

ஒரு மாதத்தில் தாய்வாழையின் இலைகள் ஒடிந்து, பாவாடைபோலச் சுற்றித் தொங்கின. வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்பு வளையங்கள். வாடல் நோய், மண்ணில் இருக்கும் பூஞ்சை என்றார் வேளாண் அலுவலகத்து அம்மாள். வேர் வழியாக நுழைந்து, நீர் ஏறும் குழாய்களில் ஏறுமாம். அதைத் தடுக்க வாழையே பசை சுரந்து தன் குழாய்களை அடைத்துக்கொள்ளுமாம். கடைசியில் காலடியில் தண்ணீர் கிடக்க, தாகத்தில் சாகும். வாழை இல்லாவிட்டாலும் பூஞ்சை வருடக்கணக்கில் மண்ணில் உறங்கும். புல்லின் வேரில்கூட, அதற்கு ஒரு கெடுதலும் செய்யாமல் குடியிருக்கும்.

“கன்னு, மண்ணு எதையும் வெளிய விட்டுராதீங்க,” என்றார். நான் தலையாட்டினேன்.

தங்கையிடம் அன்றே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஒருவேளை தப்பியிருக்கும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். மழை தொடங்கியது. மாதம் தவறாமல் வருகிறவள் வராமலானாள். போனில் முட்டுவலி என்றாள். நானும் வாழையைப் பற்றிக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மத்தியானம் சற்றுக் கண் அயர்ந்தால் போதும், மண்ணுக்குள் வெள்ளை நூல் ஒன்று சிதறாலிலிருந்து குலசேகரம் வரை மெதுவாக ஊர்ந்து போகும். அதன் இந்த முனை என் கையில் இருக்கும். அவளுக்குத் தெரிந்துவிட்டது, கோபத்தில்தான் வரவில்லை என்று முடிவுகட்டினேன். பேத்தி பிறந்தபோதுகூட ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, அவள் வீட்டுப் பக்கம் போகாமல் திரும்பினேன்.

பிள்ளைக்குச் சோறு கொடுக்கும் நாளுக்கு அழைப்பு வந்தது. போகாமல் இருக்க முடியுமா? கடையில் வாங்கிய மட்டிச் சீப்போடு போனேன். வீட்டுக்குப் பின்னால், வாழை நின்ற இடத்தில் தோண்டி எரித்த ஆறு கரிய வட்டங்கள் இருந்தன. அவற்றின் மேல் புல் பச்சையாக முளைத்திருந்தது. தங்கை என் பின்னால் வந்து நின்றாள்.

“அக்கா, ஏசாத. நீ தந்த கன்னு ஆறையும் என் மண்ணு கொன்னுட்டு. வாடல்னு சொன்னாவ. ரப்பர் நின்ன மண்ணுல்லா, அதுல என்னமோ கெடந்திருக்கு. என் செருப்புல ஒட்டி உன் விளைக்கும் வந்திரப்பிடாதுன்னுதான் நான் அங்க வரல்ல. முட்டுவலியெல்லாம் சும்மா சொன்னது.”

புல்லைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் இலை, சாக்கில் பொதிந்த மண், வளையங்கள், அந்த அம்மாள் சொன்னது, நான் சொல்லாமல் விட்டது.

உள்ளே பிள்ளை அழுதது.

“அப்போ இத்தன மாசமும் நான் உன்னப் பாக்க வராம இருந்தது வெறுதேயாக்கா, ஒரு காரியமும் இல்லாமலா?” என்று தங்கை கேட்டாள்.

வாழையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.