மெல்லப் பேய், மழையே

"யாருக்கெல்லாம் தமிழ் வாசிக்கத் தெரியும், கையைத் தூக்குங்க மக்களே" என்று மிஸ் கேட்டபோது, என் கை என்னைக் கேட்காமலேயே மேலே போய்விட்டது. இன்றுவரை நான் அதைக் கையின் குற்றமாகத்தான் சொல்லிவருகிறேன். எனக்கு அப்போது பத்து வயது. தமிழில் பேசுவேன், தமிழில் சண்டை போடுவேன், தேவைப்பட்டால் தமிழில் பொய்யும் சொல்வேன். வாசிக்க மட்டும் வராது. 'அ' தெரியும், 'ஆ' தெரியும். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் எனக்கு ஒரு தட்டு ஜிலேபி.

டெல்லி ஜனக்புரித் தமிழ்க் குடும்பங்கள் கூடி நடத்திய சிறுவர் சேர்ந்திசைக் குழு அது. ஞாயிறு பதினோரு மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி ஹாலில் இருபத்தைந்து பிள்ளைகள் சேருவோம். மிஸ் நாகர்கோவில்காரர்; ஒரே ஒரு பிள்ளையானாலும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார். வாரம் முழுக்க வங்கி கவுண்டரில் உட்கார்ந்துவிட்டு, ஞாயிறு காலை சர்ச்சில் பாடிவிட்டு, அந்தத் தொண்டையோடு நேராக எங்களிடம் வருவார். வந்ததும் மூச்சுப் பயிற்சி. ஒரே மூச்சில் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை விட வேண்டும், யார் கடைசிவரை தாக்குப்பிடிக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு மிட்டாய். நாங்கள் அதற்குக் குக்கர் என்று பெயர் வைத்திருந்தோம். அவர் கைகளுக்கும் ஒரு பாஷை உண்டு. உள்ளங்கையை உயர்த்தினால் சத்தத்தைக் கூட்ட வேண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிக் காட்டினால் குறைக்க வேண்டும்.

மிஸ்ஸிடம் இன்னொரு பிடிவாதமும் இருந்தது. புதுப்பாட்டு என்றால் முதல் ஒரு மாதம் வார்த்தையே கிடையாது. 'ல ல லா' என்றுதான் பாட வேண்டும். வார்த்தையைக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் அதைக் கட்டிக்கொண்டு சுரத்தை விட்டுவிடும் என்பார். அந்த ஆடி மாதம் அவரே எழுதி மெட்டமைத்த மழைப் பாட்டு ஒன்றை நாங்கள் 'ல ல லா' என்று மனப்பாடமாகப் பாடிக்கொண்டிருந்தோம். நாங்கள் பாடவிருந்த ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் இருக்கையில்தான் அந்தக் கேள்வி வந்தது. பாட்டின் முதல் வரியை ஒருவர் தனியாகப் பாட வேண்டும், எழுத்து தெரிந்த பிள்ளையாக இருந்தால் உச்சரிப்பு சுத்தமாக இருக்கும் என்றார். மூன்று கைகள் உயர்ந்தன. மற்ற இரண்டும் குரல் உடையத் தொடங்கியிருந்த அண்ணன்களுடையவை. முதல் வரி எனக்குக் கிடைத்தது.

கூடவே வேலையும் கிடைத்தது. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாட்டை இந்தி எழுத்தில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். மிஸ் தன் கையால் எழுதிய ஒரே தாளை என்னிடம் கொடுத்தார். மறுநாளே வங்கி அவரைப் பயிற்சிக்காக ஜெய்ப்பூருக்கு அனுப்பியது. விழா அன்று காலைதான் திரும்புவார். அதுவரை கீபோர்டு வாசிக்கும் அண்ணன், எங்கள் எல்லோருக்கும் அவர் பையா, எங்களைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. பையாவுக்கு டேராடூன் பக்கம். தமிழில் அவருக்கு 'வணக்கம்' தெரியும்.

சாதாரணமாக எங்கள் வீட்டில் தமிழ் எழுத்து என்பது அம்மாவின் இலாகா. கல்யாணப் பத்திரிகையானாலும் மருந்துச் சீட்டோடு வரும் ஊர்க் கடிதமானாலும் அம்மாதான் வாசிப்பாள். ஞாயிறு மாலைகளில் வாரப் பத்திரிகையின் தொடர்கதையைச் சத்தமாகப் படிப்பாள். அப்பா சோபாவில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். கணவன் மனைவி அன்பு என்றால் இதுதான் என்று நான் முடிவு செய்திருந்தேன். ஆனால் அந்த மாதம் பார்த்து அம்மா, சித்தியின் பிரசவத்துக்காகத் திருச்சி போயிருந்தாள்.

அதனால் என்ன, அப்பா இருக்கிறாரே என்று தைரியமாகத்தான் இருந்தேன். அப்பாவைப் போல ஒரு தமிழ்ப் பற்றாளரை மேற்கு டெல்லியில் பார்க்க முடியாது. 'பானி' என்று வாய் தவறிச் சொன்னால் தம்ளரைக் கொடுக்கவே மாட்டார். தண்ணீர் என்று சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா என்பார். அவரிடம் தாளை நீட்டி, நீங்கள் படியுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

அப்பா தாளை வெகுநேரம் பார்த்தார். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு கண் எரிகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று மடித்து ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை டீ குடித்ததும் அவரே கூப்பிட்டார். ஒரு ஆபீஸ் ஃபைலை மடியில் விரித்து, அதன்மேல் அந்தத் தாளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தங்குதடையில்லாமல் சொல்லிக்கொண்டே போனார். நான் எழுதினேன். பாட்டு தாளின் இரண்டு பக்கமும் இருந்தது. அப்பா தாளைத் திருப்பாமலேயே பின்பக்கத்தையும் சொல்லி முடித்தார். ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரே ஓர் இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"மழைக்கு எதுக்குப்பா பேய் வருது?"

அப்பா ஃபைலுக்குள் ஒருமுறை பார்த்தார். "இலக்கியத் தமிழ்ல அப்படித்தாம்மா வரும். எழுது."

எழுதினேன். பாட்டு முழுக்க வந்தது. மெல்லப் பேய், மழையே, மெல்லப் பேய். மொட்டை மாடி குளிரப் பேய். முல்லைப் பந்தல் நனையப் பேய். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் எல்லோரும் சேர்ந்து மேலிருந்து கீழே இறங்கி வருகிற மாதிரி, பேய், பேய், பேய்.

ஒத்திகையில் இரண்டாம் வரிசை அக்கா ஒருத்தி, இதென்ன பேய் என்று கேட்டாள். இலக்கியத் தமிழ் என்றேன். என் குரலில் அப்பாவின் உறுதி அப்படியே வந்துவிட்டது. அவள் வாயை மூடிக்கொண்டாள். பின்வரிசையில் ஒருவன், தமிழைவிட இந்தி நன்றாகத் தெரிந்தவன், பேய் இல்லை, குளிர்பானக் கடை போர்டில் பானத்துக்கு இந்தியில் 'பேய' என்று எழுதியிருப்பார்களே அதுதான், மழையில் எல்லோரும் ஜூஸ் குடிக்கிறார்கள் என்று விளக்கம் சொன்னான். ஆகவே எங்களில் பாதிப் பேர் பேயை நினைத்தும் மீதிப் பேர் ஜூஸை நினைத்தும் மனமுருகிப் பாடினோம். பையா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பஹுத் படியா" என்று மெச்சினார்.

விழா அன்று காலை அம்மா ஊரிலிருந்து வந்து இறங்கினாள். மிஸ்ஸும் ஜெய்ப்பூரிலிருந்து பையும் கையுமாக நேரே அரங்கத்துக்கு வந்தார். ஒருமுறை பாடிக் காட்ட நேரமில்லை. நாங்கள் மேடையேறி மூன்று வரிசையாக நின்றோம். மிஸ் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றார். மூன்றாவது வரிசை நாற்காலியில் அப்பாவும் அம்மாவும் தெரிந்தார்கள். நான் மூச்சை நன்றாக இழுத்து, சுத்தமான உச்சரிப்போடு தொடங்கினேன்.

"மெல்லப் பேய், மழையே, மெல்லப் பேய்..."

மிஸ்ஸின் புருவம் இரண்டும் நெற்றிக்குப் போய்விட்டன. கை மட்டும் தாளத்தை விடவில்லை. அதற்குள் இருபத்தைந்து பேரும் 'பேய், பேய், பேய்' என்று படி இறங்கிவிட்டோம். சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மிஸ் எங்களைப் பார்த்து வாயைச் சட்டுச் சட்டென்று திறந்து மூடி எதையோ காட்டினார். எங்களுக்குப் புரியவில்லை. உடனே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிக் காட்டினார். குறுக்கு, எழுத்தைக் குறுக்கு என்று அவர் சொன்னதாகப் பின்னால் தெரிந்தது. எங்கள் குழுவின் பாஷையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சத்தத்தைக் குறைத்தோம். நல்ல பிள்ளைகளாக, காதோடு ரகசியம் சொல்வதுபோல, பேய்... பேய்... பேய்... என்றோம். முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பிறகு சபையே சிரித்தது. தலைமை விருந்தினராக வந்திருந்த ஓய்வுபெற்ற அதிகாரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும் எழுந்த கைதட்டல் போல எங்கள் குழுவுக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

என்ன தப்பு என்று தெரியவில்லை, ஆனால் தப்பு என்னுடையது என்று தெரிந்துவிட்டது. மேடைக்குப் பின்னால், சமோசா வைத்திருந்த மேசையருகே மிஸ் நின்றார். யார் எழுதியது என்று கேட்டதும் இருபத்து நான்கு விரல்கள் என்னைக் காட்டின.

"அந்தத் தாளை எடு மக்களே. முதல் வரியை வாசி, பாப்போம்."

பாவாடைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தேன். ஜிலேபிகள் என்னைப் பார்த்தன. பொய் வெளியே வரப்போகிறது, முதல் வரி போகும், குழுவும் போகும், இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதுதான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்போது என் தோளில் ஒரு கை விழுந்தது.

"தப்பு என்னோடது டீச்சர்" என்றார் அப்பா. "நான்தான் படிச்சுச் சொன்னேன். அவசரத்துல குறிலை நெடிலாச் சொல்லிட்டேன். பாப்பா நான் சொன்னதைத்தான் எழுதினா."

மிஸ் அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அம்மா என் கையிலிருந்து தாளை மெதுவாக வாங்கி, ஒரு பக்கம் வாசித்து, திருப்பி மறுபக்கமும் வாசித்து, அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். மிஸ்தான் முதலில் சிரித்தார்.

"இந்தியில ஏது சார் குறில் 'எ'? எல்லாம் நெடில்தான். மழையைப் பெய்னு கூப்பிட்டேன். ஒத்தைக் கொம்பு ரெட்டைக் கொம்பு ஆயிட்டு. ரெட்டைக் கொம்பு முளைச்சா பேய்தான வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பா எனக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்று நினைத்து, அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை என் கையைவிட அதிகமாக வியர்த்திருந்தது. சமோசா ஆறிப்போயிருந்தது, அப்படியும் இரண்டு தின்றேன்.

அடுத்த ஞாயிறு முதல் மிஸ் புது விதி கொண்டுவந்தார். குக்கருக்குப் பிறகு அரை மணி நேரம் எழுத்து. அதையும் பாட்டாகத்தான் சொல்லிக்கொடுத்தார். பலகையில் எழுத்தைக் காட்டுவார். குறில் என்றால் தொடையில் ஒரு தட்டு, நெடில் என்றால் இரண்டு தட்டு. ஒற்றைக் கொம்புக்குக் குரல் சட்டென்று நிற்க வேண்டும், இரட்டைக் கொம்புக்கு நீள வேண்டும். ஜிலேபிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து எழுத்தாயின. பெற்றோர் யாராவது விரும்பினால் பின்பெஞ்சில் உட்காரலாம் என்றும் மிஸ் சொன்னார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று நான் கவனிக்கவில்லை.

அதுவரை கீழே டீக்கடையில் ஸ்கூட்டர்மேல் சாய்ந்து எனக்காகக் காத்திருக்கும் அப்பா, மாடிக்கு வந்து பின்பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். மேலே ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது என்றார். அவர் விரல் தொடையில் ஒன்றும் இரண்டுமாகத் தட்டிக்கொண்டிருக்கும். அப்பாவுக்குத் தாளம் பிடித்துப்போய்விட்டது என்று தோழிகளிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

டெல்லியிலேயே, லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து, வேலைக்கு உதவும் என்று இந்திப் பள்ளியில் போடப்பட்ட அப்பாவுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது என்பதை, நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு அம்மா ஒருநாள் போகிறபோக்கில் சொன்னாள். அந்தத் தாளை ஆபீஸுக்குக் கொண்டுபோய், கூட வேலை பார்த்த மதுரைக்காரர் ஒருவரை வாசிக்கச் சொல்லி, அப்பாவும் என்னைப் போலவே இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். அதைத்தான் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு எனக்கு வாசித்தார். பேய் என் நோட்டுக்கு வருவதற்கு முன்பே அப்பாவின் சீட்டில் குடியேறிவிட்டது.

ஆனால் பத்து வயதில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? தீபாவளி கழிந்து ஒரு ஞாயிறு மாலை. அம்மா வழக்கம்போலத் தொடர்கதையைப் படித்துக்கொண்டிருந்தாள். கதாநாயகி கதவைத் திறக்கப் போகும் நேரத்தில், சுண்டலுக்கு வைத்திருந்த குக்கர் கூவியது. அம்மா பத்திரிகையைச் சோபாவில் கவிழ்த்துவிட்டு எழுந்து போனாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்பா அதை எடுத்தார். விட்ட இடத்தில் விரலை வைத்தார்.

"அ... வள்... க... த... வை... த் தி... ற... ந்... தாள்."

"ஜல்தி படிங்கப்பா, வெளியில யாரு?"

அப்பா ஜல்தியாகப் படிக்கவில்லை. ஒரு விரல் வரியில் நகர, மறுகை விரல் தொடையில் ஒன்றும் இரண்டுமாகத் தட்ட, வாசலில் நிற்பது யார் என்று சொல்ல அவருக்கு ஒரு யுகம் ஆனது. "அவ தம்பிதாம்மா" என்று கடைசியில் சொல்லிவிட்டு, குக்கர் அடங்குவதுபோல நீளமாக மூச்சு விட்டார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. அம்மா, நீ வந்து படி, அப்பா ரொம்ப ஸ்லோ என்று கத்தினேன். அம்மா சமையலறை வாசலில்தான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். குக்கரை எப்போதோ இறக்கிவைத்தாகிவிட்டது. இருந்தும், எனக்கு வேலை இருக்கு, அப்பாவே படிக்கட்டும் என்றாள். வேலை ஒன்றையும் செய்யாமல் அங்கேயே நின்றாள். அந்த வாரம் கதை அவளுக்குப் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு நான் டிவியைப் போடப் போனேன்.