செம்புக் குடத்துத் தண்ணீர்

ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் என் மருமகள், வீட்டில் கண்ணாடித் தொட்டிகளில் அழகு இறால் வளர்க்கிறாள். நிறம் மங்கிய குட்டிகளைப் பிரித்துப் பிரித்து, ரத்தச் சிவப்பில் மட்டும் ஒரு தொட்டி உண்டாக்கியிருந்தாள்.

ஒருநாள் அதில் தண்ணீர் குறைந்திருந்தது. நாங்கள் குடிக்கிற செம்புக் குடத்துத் தண்ணீர்தான் சுத்தம் என்று நம்பி ஊற்றினேன். மத்தியானத்துக்குள் பல இறால்கள் மல்லாந்துவிட்டன.

அந்த நேரத்தில் கர்நாடக எல்லையைத் தாண்டி இருக்கும் அத்திபெலேயிலிருந்து ஒருவர் இறால் வாங்க வந்தார். புது ஆளிடம் எனக்குப் பேச்சு வராது. தொட்டியையும் குடத்தையும் காட்டினேன்.

"செம்பு இதுங்களுக்கு வெசம் அஜ்ஜி," என்றார் கன்னடம் கலந்த தமிழில். இறால் கொண்டுபோகத் தன் தொட்டித் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்திருந்தார். அதை வாளியில் ஊற்றி, உயிரோடிருந்தவற்றை வலையால் மாற்றினார். முட்டை சுமந்த சில தாய் இறால்கள் பிழைத்தன. எதுவும் வாங்காமலே கிளம்பியவர், என் பயத்தைப் பார்த்து, "மருமக கேட்டா கரன்ட் போயி காத்து மோட்டர் நின்னுடுச்சுன்னு சொல்லிடுங்க," என்று சிரித்தார்.

சாயங்காலம் அவள் வந்தபோது அந்தப் பொய் எனக்கு வரவில்லை. "செம்புத் தண்ணி நான்தான் ஊத்தினேன்மா," என்றேன்.

வாளியருகே உட்கார்ந்து பிழைத்தவற்றை எண்ணினாள். பிறகு, "குடிக்கிற தண்ணியவே குடுத்திருக்கீங்க. நான் சொல்லி வச்சிருக்கணும் அத்தை," என்றாள்.

கேட்கக் கூச்சப்பட்டே காலத்தை ஓட்டியவள் நான். இப்போது ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றவும் அவளைக் கேட்கிறேன். அவளும் சலிக்காமல் சொல்கிறாள்.