எங்கள் சுவரிலிருந்து வந்த குழாய்

1. காகிதம் சிவந்தது

குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு மண், நீர் ஆராய்ச்சி நிலையத்தில் நான் தொழில்நுட்ப அலுவலர். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் ஆராய்ச்சியை அறிமுகப்படுத்தும் சனிக்கிழமை வகுப்பும் என் பொறுப்பு. அந்த வகுப்பை இனி எடுத்து நடத்தப் போகிறவர்களுக்காக, போன வருடம் நடந்ததை எழுதுகிறேன்.

சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த நேரம். முறை வைத்துத் தண்ணீர் விட்டதால் நிலையத்துக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அரசுப் பள்ளி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுடன் கரையோடு கீழ்நோக்கி நடந்தேன். கொஞ்ச தூரத்துக்கு ஒரு சாம்பிள். பிஹெச் காகிதத்தை நனைத்துப் பார்ப்பது, பிறகு மீட்டரில் சரிபார்ப்பது. காகிதம் பச்சையாகவே இருந்தது. நல்ல தண்ணீர். பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டிவிட்டது.

ஒரு வளைவில் சகாயமேரி என்ற மாணவி, "மிஸ், செவப்பாயிடுச்சு" என்றாள்.

சிவப்பு என்றால் அமிலம். வேறு காகிதம் எடுக்கச் சொன்னேன். அதுவும் சிவந்தது. மீட்டரும் அதையே காட்டியது.

"இதுக்கு முன்னாடி எடுத்த இடத்துல பச்சைதானே மிஸ்? அப்ப நடுவுல எங்கயோதான் கலக்குது" என்றாள்.

"அதைக் கண்டுபிடிக்கிறதுதான் ஆராய்ச்சி. வாங்க பாப்போம்" என்றேன். எவ்வளவு உற்சாகமாகச் சொன்னேன் என்று நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

திரும்பி நடந்தோம். காட்டாமணக்குப் புதரை விலக்கியதும் சாம்பல் நிறக் குழாய் ஒன்று தெரிந்தது. முனையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குழாயைத் தொடர்ந்து கரையேறினோம். அது ஒரு சுவருக்குள் போனது.

"மிஸ், இது உங்க லேப்புதானே?"

லேப் கழிவு முதலில் சுண்ணாம்புத் தொட்டிக்குப் போய், அமிலம் முறிந்த பிறகுதான் வெளியேற வேண்டும். தொட்டி அடைத்துக்கொண்டபோது யாரோ தற்காலிகமாகக் குழாயை வாய்க்கால் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். அப்படியே விட்டும்விட்டார்கள். எனக்கு அது தெரியாது. ஆனால் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஆமா. எங்க லேப்தான்" என்றேன்.

2. ஆரோக்கியசாமி அண்ணன்

அந்த வளைவுக்கு அடுத்த வயலைக் குத்தகைக்குச் செய்பவர் ஆரோக்கியசாமி. எங்களைப் பார்த்ததும், "வாங்க பிள்ளைங்களா, வெயில்ல அலையறீங்களே" என்று ஆளுக்கொரு வெள்ளரிப்பிஞ்சு கொடுத்தார். அவருடைய நாற்றங்காலில் மடையை ஒட்டிய பகுதி கருகிக் கிடந்தது.

"தண்ணி நொழையற எடம் மட்டும் இப்படி ஆவுது. இவங்க ஆபீஸ்லதான் மண்ணைப் பாத்தாங்க. துத்தநாகச் சத்து கம்மின்னாங்க. ஜிங்க் சல்பேட் போட்டிருக்கேன். இன்னும் தெளியல. இவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பிள்ளைகளிடம் சொன்னார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் வெள்ளரியைக் கடிக்கவில்லை. அவர் கொண்டுவந்த மண்ணைப் பரிசோதித்தோம். தண்ணீரைப் பற்றி எங்கள் நிலையத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

"அண்ணே, சத்துக் குறைச்சல் இல்லண்ணே. எங்க லேப் ஆசிட் தண்ணி உங்க வயலுக்கு வருது. மடையை அடைச்சிடுங்க."

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் தேவலை.

"நெருப்புப் பட்டாப்ல கருகுதுன்னு அன்னிக்கே சொன்னேனேம்மா. நீங்கதான் சத்துன்னீங்க. நம்பிட்டேன்" என்று மட்டும் சொன்னார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையை அடைக்கப் போய்விட்டார்.

3. ஒரு புள்ளி

"பிள்ளைங்களுக்குக் கத்துக்குடுங்கன்னா, ஆபீஸையே காட்டிக்குடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றார் நிலையத் தலைவர். ஆனாலும் குழாயை அன்றைக்கே அடைக்கச் சொன்னார். நிலையப் பண்ணையிலிருந்து ஆரோக்கியசாமிக்கு நாற்றும் கொடுக்க வைத்தார்.

அடுத்தது வகுப்பின் முடிவில் நடக்கும் கண்காட்சி. பிள்ளைகள் வாய்க்காலை வரைபடமாக வரைந்து, சாம்பிள் எடுத்த இடங்களில் வண்ணப் புள்ளி வைத்திருந்தார்கள்.

"வெளியாளுங்க வர்றாங்க. அந்தச் செவப்பை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க" என்றார் தலைவர்.

"என்னால சொல்ல முடியாது சார். நீங்களே வந்து சொல்லுங்க."

வந்தார். சொல்லவும் செய்தார். சகாயமேரி எழுந்து, "ஏன் சார்? நாங்க தப்பா அளந்துட்டோமா?" என்று கேட்டாள். சண்டைக்காகக் கேட்கவில்லை. தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளலாம் என்றுதான் கேட்டாள்.

அவர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இல்லம்மா. சரியாத்தான் அளந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். புள்ளி நின்றது. கண்காட்சி அன்றைக்கு அவர் லீவு. வந்தவர்கள் "இது யாரோட குழாய்?" என்று கேட்டபோதெல்லாம், அடையாள அட்டை கழுத்தில் தொங்க நான்தான் பதில் சொன்னேன்.

அதற்குப் பிறகு முதல் வகுப்பை எங்கள் பின்சுவருக்கு வெளியேதான் தொடங்குகிறேன். நீங்களும் முதல் சாம்பிளை நம் வாசலிலேயே எடுங்கள்.

அறுவடை முடியும்வரை ஆரோக்கியசாமி எங்கள் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, புது வகுப்புக்கு உதவியாகச் சகாயமேரியும் வந்திருந்தபோது, பாட்டிலில் போர்வெல் தண்ணீரோடு வந்தார். எனக்கு உயிர் வந்தது போலிருந்தது. ஓடிப் போய்க் கை நீட்டினேன்.

"குடுங்கண்ணே, நானே பாத்துச் சொல்றேன்."

"உனக்கு எதுக்கும்மா சிரமம்? அந்தப் பொண்ணு பாக்கட்டும்" என்று என்னைத் தாண்டிப் போய்ச் சகாயமேரியிடம் கொடுத்தார்.

நான் மீட்டரைக் கழுவி அவளிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.