மேனாம்பேட்டுப் பனியாறு

மாடிக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வகிதா டீச்சரம்மா கடைசி நாட்களில் போய்த் தங்கியிருந்த பூந்தமல்லி வீட்டிலிருந்து அவர் அண்ணன் மகன் சலீம் தம்பி போன் செய்தார். "பெரியம்மா, அத்தை மௌத்தாயிட்டாங்க. காலைல டீ குடிச்சிக்கினே இருந்தாங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க." என் வாயில் முதலில் வந்த வார்த்தையே சரியில்லை. "மேல ரூம்ல கல்லுங்கள யாரும் எடம் மாத்திடலியே?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு கேட்டது. "அத்தையா இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பாங்க."

வகிதா டீச்சரம்மாவை அறிந்த உங்களுக்கு அந்தக் கேள்வி விளங்கும். அவரிடம் படித்த பிள்ளைகள் இந்த நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பேத்தி கணினியில் அடித்துத் தருகிறாள். பிழையைத் திருத்தலாம், வார்த்தையில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று அவர் மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்குக் குடிவந்த புதிதில், பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டுப் போனேன். "பாத்திரம் நானே தேய்ச்சிப்பேன். கல்லு கழுவத்தான் ஆள் வேணும்" என்றார். "இன்னா கல்லு டீச்சரம்மா, அரிசில பொறுக்குனதா?" என்றேன். அன்று சிரிக்க ஆரம்பித்தவர்தான். எனக்கு அவரைவிட இரண்டு வயது கூட. அதனால் என்னை அக்கா என்பார்.

இமயமலையில் இன்று பனியே இல்லாத பள்ளத்தாக்குகளில், ஒரு காலத்தில் பனியாறு, அதாவது மலையிலிருந்து மெல்ல ஊர்ந்து வரும் பனிக்கட்டி, எதுவரை இறங்கி வந்தது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. பார்த்தவர் யாரும் இல்லை. அது விட்டுப்போன மேட்டையும் மண்ணையும் கல்லையும்தான் கேட்க வேண்டும். "ஆறு பொறுக்கிப் பொறுக்கிப் போடும்க்கா. பெருசு ஒரு பக்கம், பொடிசு ஒரு பக்கம். பனிக்கு அந்த நாசூக்கு கெடையாது. குப்பை லாரி மாதிரி பாறையும் சேறும் ஒண்ணா கொட்டிட்டுப் போயிடும்." பனி இழுத்துவந்த கல் சிலவற்றில் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, அதில் கீறல் இருக்கும். அந்தக் கீறல்தான் அவருக்கு உயிர்.

தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்பது கட்டளை. ஒரு செவ்வாய்க்கிழமை அவர் கண் டாக்டரைப் பார்க்க ஆவடிக்குப் போயிருந்தார். ஒரு பையிலிருந்த கறுப்புக் கற்களில் சேறு அப்பிக்கொண்டு பிரஷுக்கு அசையவில்லை. முப்பது வருஷம் பாத்திரம் தேய்த்த கை சும்மா இருக்குமா? கம்பி நாரும் சோப்புப் பொடியும் போட்டுத் தேய்த்து, பளபளவென்று பேப்பரில் பரப்பி வைத்தேன். பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

டீச்சரம்மா வந்து பார்த்துவிட்டு, படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாப் பையுமா அக்கா?"

"இல்ல டீச்சரம்மா, இது ஒண்ணுதான்."

அந்த ஒன்றுதான் வேண்டிய பை. பள்ளத்தாக்கின் குறுக்கே நிற்கும் ஒரு மேட்டிலிருந்து எடுத்தது. பனியாறு அதுவரை வந்து கொட்டிய மேடு அது என்பது டீச்சரம்மாவின் எண்ணம். மலை சரிந்து விழுந்த மண்தான் என்று மற்றவர்கள் அடித்துப் பேசினார்கள். சாட்சி சொல்ல வேண்டிய கல்லில் நான் என் கீறலைப் போட்டுவிட்டேன். அங்கே பனி விழுந்து பாதை மூடிவிட்டது. இனி அடுத்த கோடைக்குத்தான் போக முடியும்.

"நான் வாயத் தொறக்க மாட்டேன் டீச்சரம்மா. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரிஞ்சிடுச்சே அக்கா."

நாளை முதல் வரவில்லை என்றேன். "நீ நின்னுட்டா வேற ஒருத்தி வருவா. அவளும் கம்பி நாரைத்தான் எடுப்பா. நீ இனிமே எடுக்க மாட்ட" என்றார். பிறகு லென்ஸை என் கண்ணருகில் பிடித்தார். "உன் கை சுத்தின பக்கமெல்லாம் வளைஞ்சி வளைஞ்சி போயிருக்கு பாரு. பனி அழுத்திப் புடிச்சி நேரா இழுக்கும்." அந்தக் கற்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுச் சீட்டு எழுதி ஒட்டினார்: 'மேனாம்பேட்டுப் பனியாறு. காலம்: செவ்வாய்க்கிழமை காலை. இழுத்தது: கன்னியம்மாள்.' எழுதிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

அந்த மேட்டைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை என்று எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார். காரணம் கேட்டவர்களிடம், கழுவும்போது தவறு நேர்ந்துவிட்டது என்றார். யார் கழுவியது என்று சொல்லவே இல்லை. அடுத்த கோடையில் முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு, வீட்டார் தடுத்தும் கேளாமல் மறுபடி மலையேறினார்.

திரும்பி வந்ததும் கட்டு அவிழ்க்காத பையை என் மடியில் வைத்தார்.

"நீயே கழுவுக்கா."

"ஐயோ, நான் வேணாம் டீச்சரம்மா."

"நீதான்."

தண்ணீரில் ஊறவைத்து, பிரஷால் குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி துடைத்தேன். முதலில் கழுவிய கற்களில் ஒன்றுமில்லை. பிறகு ஒன்றில் சேறு கரைய, தட்டையான முகத்தில் சீப்பால் வாரினது போல நேர்நேராகக் கீறல்கள். சமையல்கட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"டீச்சரம்மா, இது என்னுது இல்ல."

அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். "இல்லக்கா. இது உன்னுது இல்ல" என்று சொல்லி என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கல் போதாது என்று அந்த மேட்டு மண்ணையும் சலித்து, மற்ற கற்களையும் பார்த்து முடித்த பிறகுதான் எழுதினார். பனி அதுவரை வந்திருந்தது.

அன்றிலிருந்து யார் வந்தாலும் அந்தப் பிஸ்கட் டப்பா வெளியே வரும். எது பனியின் கீறல், எது கன்னியம்மாவின் கீறல் என்று கலந்து வைத்துக் கேட்பார். கல்லூரிப் பிள்ளைகள் தடுமாறிய இடத்தில் என் பேத்தி ஆறு வயதில் சரியாகச் சொன்னாள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நினைவாக எது வேண்டும் என்று சலீம் தம்பி கேட்டபோது அந்த டப்பாவைக் கேட்டு வாங்கி வந்தேன். என் தப்பைத் தூக்கி எறியாமல் பேர் எழுதி வைத்த அந்தக் கையெழுத்து இப்போது எங்கள் வீட்டு டிவி பக்கத்தில் இருக்கிறது. மேனாம்பேடு பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். எடுத்துப் பார்க்கலாம், லென்ஸும் தருகிறேன். கழுவ மட்டும் விடமாட்டேன்.