கண்டெய்னரில் புகுந்த திருட்டு நிரல்

காலையில் உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் இருந்தேன். எங்கள் டீமில் இருக்கும் சலீம் போன் செய்தான்.

"என்னை வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கடா."

நாங்கள் மென்பொருளைத் தயாரிக்கும், அதாவது பில்டு செய்யும், கண்டெய்னர் என்ற மெய்நிகர் பெட்டிக்குள் திருட்டு நிரல் ஒன்று புகுந்து, வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுகளை வெளியே அனுப்பியிருக்கிறது. இணையத்தில் யாரோ போட்டுவைத்த 'இமேஜ்' என்ற ஆயத்தக் கண்டெய்னரைச் சோதிக்காமல் எடுத்ததன் விளைவு. சோதிக்கவேண்டும் என்று மீட்டிங் தவறாமல் கேட்டவன் சலீம். பில்டு லேட்டாகும் என்று மறுத்தவர் மேனேஜர். பழி மட்டும் சலீம்மேல் விழுந்தது.

"கண்டெய்னர ஸ்கேன் பண்ணச் சொன்னதே நீதானே? மெயில்ல கீதே, காட்டுடா."

"மெயிலைத்தான் மொதல்ல மூடினாங்க. வூட்ல இன்னும் சொல்லல. அத்தா கடையில சும்மா குந்திக்கினு கீறேன்."

போனை வைத்துவிட்டான்.

பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மா பதறிப்போய்க் கேட்டார். "இன்னா நைனா, கண்டெய்னர் லாரி கவுந்துடுச்சா? ஆளுக்கு ஒண்ணும் ஆவலியே?"

"லாரி இல்லம்மா, கம்ப்யூட்டர் சமாச்சாரம். என் கூட்டாளிக்கு வேல போயிடுச்சு."

"தப்பு அவன்துதானா?"

"இல்லம்மா, மேனேஜர்து."

"அவனுக்கு இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல. மத்தியானம் எங்களுக்கெல்லாம் மீட்டிங் வெச்சிக்கீறாரு."

மீட்டிங்கின் தலைப்பு: 'பாதுகாப்பு நம் அனைவரின் பொறுப்பு'.

உங்கள் ஆபீசிலும் இதே தலைப்புதானா?