வடக்கு ரத வீதியில் எதிரே வந்தவர்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ராஜபாளையத்தில் பேருந்துக்கு நிற்கும்போதே எனக்குக் கால் கடுத்தது. நடைப்பயிற்சிக்காகப் பேருந்தேறிப் போகிற தம்பதி நாங்களாகத்தான் இருப்போம். என் கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. தினமும் நடக்காவிட்டால் ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவரோ வீட்டருகே உள்ள பள்ளி மைதானத்தைக் கொஞ்ச நாள் சுற்றிவிட்டு, "செக்கு மாடு கணக்கா என்னால சுத்த முடியாது" என்று படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவரை எழுப்புவதும் கெஞ்சுவதும் சண்டை போடுவதுமே என் பிழைப்பு. வேடிக்கை பார்க்க ஏதாவது இருந்தால் நடப்பார் என்றுதான் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினோம்.

ஆறரை மணி சுமாருக்குக் கீழ ரத வீதியை அடைந்தோம். அங்கே நிறுத்தியிருந்த கோயில் தேரைத் தாண்டி வடக்கே நடக்கத் தொடங்கியதும், பூக் கட்டிக்கொண்டிருந்த பெண் கூப்பிட்டாள்.

"எக்கா, அந்தப் பக்கமா சுத்தாதீக. கோயில் வலக்கைப் பக்கம் இருக்கணும்."

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்கம்மா" என்றார் கணவர்.

"யாரா இருந்தா என்ன, இங்க எல்லாரும் அப்படித்தான் நடப்பாக. எதிர்த்துப் போனா வாரவுக மேல முட்டுவீக."

அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று.

தெற்கே திரும்பி நடந்தோம். செல்போன் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே பழைய ஓட்டு வீடுகள். பால்கோவா அடுப்புகளின் விறகுப் புகை தெருவில் இறங்கியிருந்தது. "அந்தக் கதவப் பாரு, எம்புட்டு ஒசரம்!" என்று நின்று நின்று பார்த்தார். ஒரு சுற்று முடிந்ததும் இன்னொன்று போகலாம் என்றார். எனக்குத்தான் முடியவில்லை. தேருக்கு எதிரே ஒரு கடைப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க போயிட்டு வாங்க. செத்த நேரம் இங்கனயே இருக்கேன்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஸ்டென்ட் வைப்பதற்கு முன், வீட்டில் தனியாக இருந்த சமயத்தில்தான் அவர் மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகு அவரை நான் தனியே விட்டதே இல்லை. அவர் போனோ என் பையில் கிடந்தது.

எப்போது கண்ணயர்ந்தேனோ தெரியாது. விழித்தபோது வெயில் படியேறியிருந்தது, அவரைக் காணோம். எழுந்து வடக்கே ஓடினேன். எதிரே போனால் எப்படியும் கண்ணில் பட்டுவிடுவார் என்ற எண்ணம்தான். "எக்கா, எதிர்த்துப் போறீகளே!" என்று பூக்காரி கத்தினாள். வந்தவர்கள்மேல் முட்டிக்கொண்டே ஓடினேன்.

வடக்கு ரத வீதியின் நடுவே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கதவு கதவாகப் பார்த்தபடி அவர் வந்துகொண்டிருந்தார்.

"எங்க போனீங்க இவ்வளவு நேரம்?"

"ஏட்டி, அப்பவே சுத்தி வந்துட்டேன். நீ வாயத் தொறந்து தூங்கிட்டிருந்த. எழுப்ப மனசு வரல. அதான் இன்னொரு சுத்து."

நடுத்தெருவில் அழுதுவிட்டேன். அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பி, கோயில் வலக்கைப் பக்கம் வருமாறு நடத்திக் கூட்டிவந்தார்.

திங்கட்கிழமை விடிந்ததும் பழையபடி பள்ளி மைதானம். அங்கே கதவும் இல்லை, பூக்காரியும் இல்லை. சுற்றிச் சுற்றிப் புழுதிதான். அவரை எழுப்பக் கையை நீட்டினேன். பாய் காலியாக இருந்தது. வாசலில் ஷூ மாட்டும் சத்தம் கேட்டது.

"நீ படு. நான் போயிட்டு வாரேன்."

போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.